வருகைப் பதிவு

காரைக்குடியில் பேருந்து மாறி
புதுவயலில் இறங்குவதற்குள்
சட்டையில் உமி ஒட்டிவிடும்.
மூன்றாமாண்டு சட்டம். முப்பது நாள் களப்பயிற்சி.
நாளுக்கொரு கையெழுத்து, முடிவில் சான்றிதழ்.

ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மேசை,
இலவசச் சட்ட உதவி மையம் என்றொரு பேனர்.
அதன் ஒரு மூலையை ஆடு தின்றிருந்தது.

முதல் வாரம் வழக்கென்று எதுவும் வரவில்லை.
ஆதாரில் செவத்தி, பட்டாவில் சிவப்பி, வங்கியில் சிவகாமி.
மூணும் நாந்தான்னு எழுதிக்குடு தம்பி, என்றார் ஒருவர்.
அடிப்படை உரிமைகளை மனப்பாடம் செய்தவன்
'உயர்திரு வட்டாட்சியர் அவர்களுக்கு' என்று எழுதி எழுதி
விரல் வீங்கிப் போனேன்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை பொன்னழகி வந்தாள்.
புருஷன் வெள்ளைக்கண்ணு
நெல் வேகும் தொட்டியருகே வழுக்கி,
இடுப்புக்குக் கீழே வெந்து,
மதுரை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தான்.
பத்தாம் நாள் இல்லை.

எங்க ஆளே இல்ல,
அன்னிக்குத் தவிடு வாங்க வந்தவன், என்கிறது ஆலை.

சம்பளச் சீட்டு?
இல்ல.
பி.எஃப்.?
அப்படீன்னா?
வருகைப் பதிவேடு?
அதுல அவரு பேரு இருந்தா
உங்கிட்ட எதுக்கு வாரேன்.

மறுநாள் மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு வந்தாள்
நாலு வருஷத்து மாதக் காலண்டர்கள்.
பொங்கலுக்கு ஆலை இனாமாகக் கொடுத்தவை.
மேலே மகாலட்சுமி,
கீழே ஆலையின் பெயர், முதலாளியின் செல்போன் எண்.
கட்டங்களுக்குள் கரிக்கோடுகள்.
போன நாளுக்கு ஒன்று,
ராத்திரி ஷிப்டும் பார்த்தால் இரண்டு.
கூலி வந்த சனிக்கிழமைக்கு வட்டம்.
வட்டமில்லாத சனிக்கிழமைகளும் நிறைய.

முறையாக எழுதிவரும் கணக்கு சாட்சியமாகுமா?
பத்து மதிப்பெண் கேள்வி.
எனக்கு நாலரை.

கடைசிக் காலண்டரில் நவம்பரைப் புரட்டினேன்.
எட்டாம் தேதி கோடு இருக்கிறது.
ஒன்பது வெறுங்கட்டம்.

அவரு திரும்பி வந்தப்புறம் சாயங்காலம்தான் போடுவேன்,
என்றாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் விரல் வைக்கப்போவது
அந்தக் கட்டத்தில்தான்.
பக்கத்து டீக்கடை அடுப்படியில்
கரித்துண்டுகள் சிதறிக் கிடந்தன.
அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.
ஒன்றும் பேசாமல்
காலண்டரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாள்.

மனுவில் ஒன்பதாம் பத்தியை மூன்று முறை எழுதினேன்.
மூத்த வக்கீல் அடித்துவிட்டு நாலாவதாக எழுதினார்.
மனு ஏற்கப்பட்டது.
விசாரணை நான் ஊருக்குப் போய்
ஐந்து வாரம் கழித்து.

முப்பதாம் நாள் சான்றிதழ் வந்தது.
'ஒரு நாளும் தவறாமல்' என்று அச்சடித்து,
ஊதா மையில் வட்ட முத்திரையோடு.
அந்த முப்பதில்
இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன்.
ஒரு நாள் நண்பனோடு பிள்ளையார்பட்டி போயிருந்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் பொன்னழகி நின்றாள்.
இந்த வருஷம் ஆலைக்காரங்க காலண்டர் குடுக்கல,
மளிகைக்கடையில வாங்கினேன் என்றாள்.
எந்தத் தேதின்னு இன்னொருக்கா சொல்லு.

சொன்னேன்.

கோடா வட்டமா என்று கேட்டாள்.