பிடி

கானாடுகாத்தானில் கல்யாணம்.
பந்தி, தெருவை அடைத்த பந்தலில்.
வாசலின் மூன்று படிக்கும் ஒரே பலகை சாத்தியிருக்கிறார்கள்.
அதன் விளிம்பில் நிற்கையில்
கைப்பிடியை யாரோ கேட்காமலே பற்றுகிறார்.

பிரேக் போடுகிறேன், இரண்டு பக்கமும்.
"இருங்க."
முந்தானையை மடியில் செருகுகிறேன்
(போன தையில் ஒரு பட்டைச்
சக்கரம் தின்றது).
"திருப்புங்க. இறக்கத்துல
முதுகு காட்டித்தான் இறங்குவேன்."

மாப்பிள்ளைக்குச் சிநேகிதனாம், சோலையப்பன்.
காதுவரை சிவந்து திருப்புகிறான்.
பிரேக்கை விடுகிறேன்.
அவன் கீழே, நான் மேலே,
அங்குலம் அங்குலமாக.

வீடு என்னைவிட்டுப் பின்வாங்குகிறது:
நிலைவாசல் லட்சுமி,
அவளுக்கு இருபுறமும் யானை,
யாரும் அணைக்காத ஒரு டியூப்லைட்,
"பாத்து, பாத்து" என்று
பார்த்துக்கொண்டே இருக்கும் நான்கு பேர்.

கீழே மணல். முன்சக்கரம் புதைகிறது.
"லேசாச் சாய்ங்க, பின்னால."
சாய்க்கிறான்.
பொதுக்கென்று வெளியே வருகிறோம்.
தார்ச்சாலை. இனி என் கை போதும்.

"பிடிக்கட்டுமா?"
இப்போது கேட்கிறான்.

"பந்தியில இடம் பிடிங்க.
ஒரு நாற்காலியை எடுத்துடச் சொல்லுங்க,
நான் என்னோடதைக் கொண்டாறேன்."