பத்து கிலோமீட்டர்

வரைபடத்தில் ஊசிமுனை விழுந்த இடம்
இன்பசேகரனின் கோழிக்கொட்டகை.
அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்கு
வட்டம் போட்டார்கள், சென்னையில்.
கோரையாற்றின் நடுவே போகிறது கோடு.

பாலத்து முனையில் நான்,
சுண்ணாம்பு மூட்டையும்
மருந்துத் தண்ணீரில் ஊறிய சாக்குமாக.
அறுப்பு மெசின் சக்கரம் வரைக்கும் அடித்தாயிற்று.

வட்டத்துக்குள்
செஞ்சிப் பக்கத்துப் பச்சையம்மாவும்
ஆயிரத்து எண்ணூறு வாத்தும்.
கழியை ஊன்றிக் கேட்கிறாள்:
"இந்தாண்ட சிந்துன நெல்லு தீந்துபோச்சு டாக்டரம்மா.
அந்தாண்ட நேத்துதான் அறுத்தாங்க.
எம் வாத்துக்குத்தான் ஒண்ணுமில்லியே?"

இல்லைதான்.
இல்லை என்பதை
இல்லை என்று எழுதி வாங்க
இருபத்தொரு நாள்.

நாமக்கல்லில், குளிர்ப்பெட்டிக்குள்,
மஸ்கட் போகிற முட்டைகள்
இந்தக் கோட்டை நம்பி நிற்கின்றன.
கோடு கசிந்தால் மாநிலமே உள்ளே.
அவளிடம் சொன்னேன்.
"மஸ்கட்டு எந்தப் பக்கம்?"
கிழக்கே கை காட்டிவிட்டேன்.
இரவு படுத்தபின்தான் உறைத்தது, மேற்கு.

இன்று காலை அவள் கூடையிலிருந்து
குழிக்குள் எழுநூற்றுப் பன்னிரண்டு முட்டை.
சில இன்னும் சூடாக இருந்தன.
எண்ணி ரசீது கொடுத்தேன்.
பணம் எப்போது வருமென்று அவள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

அப்போது வடுவூர் ஏரிப்பக்கமிருந்து
ஒரு நாரைக்கூட்டம்
கோட்டைத் தாண்டி வந்து
அவள் வாத்துகளுக்கு நடுவில் இறங்கியது.
பச்சையம்மா நாரைகளைப் பார்த்தாள்.
பிறகு என்னை.

நான் குனிந்து
சாக்கை மறுபடி நனைத்தேன்.