நீலக் கதவுக்கு வழி

உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று
தபால் கவுண்டரில் நின்று கேட்டாள் டச்சுக்காரி.
முத்திரை குத்தும் கை அப்படியே நின்றது.
நாற்பத்தொரு வருடம் அஸ்மாராவில்.
வீடு, தபால் நிலையம், ரொட்டிக்கடை, மாமியார் வீடு.
"பனைமரங்கள்" என்றேன்.
அவள் நன்றி சொன்ன விதம்
சில்லறை குறைவாய்த் தந்ததுபோல் இருந்தது.

சனிக்கிழமை, அரைநாள் வேலை.
கொழுந்தன் யெபியோவின் பந்தய சைக்கிளை எடுத்தேன்.
அணிக்குத் தேறாத நாளிலிருந்து
சுவரைப் பார்த்தபடி நிற்கிறது அது.
இருக்கை என் இடுப்புக்கு மேலே.
ஸ்பேனரைத் தேடினேன், அகப்படவில்லை.
நடைபாதை விளிம்பில் காலூன்றி ஏறினேன்.
"இடது பிரேக் மட்டும்தான் பிடிக்கும்" என்றான்
போர்வைக்குள்ளிருந்து.

முதல் அரைமணி நேரம் நான் பார்த்ததெல்லாம்
முன்சக்கரம்.

பிறகுதான் தலை நிமிர்ந்தது.
பெட்ரோல் நிலையம்,
தூணே இல்லாமல் இருபக்கமும் சிறகை நீட்டிக்கொண்டு.
தினமும் கடக்கிறேன்,
பேருந்து ஜன்னல் சிறகை நறுக்கிவிட்டு
நடுவுடம்பை மட்டும் காட்டும்.
இன்று முழுசாய்.
சுற்றி இரண்டு வட்டம் அடித்தேன்.
மூன்றாவது வட்டத்தில்
காற்றடிக்கும் பையன் கைதட்டினான்.

மெதெபெரில் தகர டிரம்களைப் பிளந்து
அடுப்பாக்குகிறார்கள்.
பத்தொன்பது வருடமாய் என் கவுண்டருக்குள் கேட்கும்
டங் டங் இதுதானா!
யாரோ தாமதமாய் மணியடிக்கிறார்கள் என்றிருந்தேன்.
தீப்பொறி தெறித்து ஒருவன் விலகச் சொன்னான்.
அவன் கால்மாட்டில்
என் சமையலறை அடுப்பின் தம்பி,
இன்னும் கால் முளைக்காமல்.

பேத் ஜியோர்ஜிஸ் தாண்டினால் ஊர் முடிகிறது.
ஊரென்ன, தரையே முடிகிறது.
கீழே, மஸ்ஸாவா போகும் பக்கமெல்லாம்
வெண்மூட்டம். கடல் ஆவியாகி
மலையேறி வருகிறது என்றார்கள் பள்ளியில்.
மதிப்பெண்ணுக்குப் படித்திருக்கிறேன்.
சரிவு இழுத்தது.
இடது பிரேக் அலறியது, நானும்.
கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த ஒரு பபூன்
மடியிலிருந்த குட்டிக்குப் பேன் பார்ப்பதை நிறுத்தி
என்னை ஏற இறங்கப் பார்த்தது.
ஊர் பார்க்க வந்தவர்களை
அதற்குத் தெரிந்திருக்கிறது.

திரும்பும்போது மூட்டமும் கூடவே வந்தது.
எந்தத் திருப்பம் என்று தெரியவில்லை.
சுவர்கள் எல்லாம் ஒரே சாம்பல்.
மூன்று தடவை அதே கழுதையிடம் வந்து சேர்ந்தேன்.

மஞ்சள் ஜெர்ரிகேன் மேல் ஒரு பையன்,
தண்ணீர் லாரிக்குக் காத்துக்கொண்டு.
பெயர் மெர்ஹாவியாம், கேட்காமலே சொன்னான்.
ரொட்டிக்கடைத் தெருவுக்கு எப்படிப் போவது?
என் தெருவுக்கு என்று சொல்ல
வெட்கமாய் இருந்தது.

"நேரே போங்க.
மூன்றுகால் நாய் படுத்திருக்கிற படிக்கட்டு வரும்.
நாய் இல்லாவிட்டாலும் படிக்கட்டு இருக்கும்.
அங்கே இடது.
பிறகு ஒரு நீலக் கதவு,
உள்ளே ஒரு அம்மா வானொலிச் செய்தியைத்
திட்டிக்கொண்டிருப்பாங்க.
அதுக்கு எதிர்த் தெரு."

"எப்போதுமா திட்டுவாள்?"
"செய்தி நேரத்தில் மட்டும்.
நாங்க நின்று கேட்போம்.
அவங்க சொல்றதுதான் நல்லாயிருக்கும்."

நாய் இருந்தது.
எத்தனை வருடமாய் இந்தப் படிக்கட்டு
என் வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில்?
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு
எதிர்ப்பக்கத்தில் நின்றேன்,
பையன்கள் நிற்கும் இடம் அதுவாய்த்தான் இருக்க வேண்டும்,
கடலை ஓடுகள் கிடந்தன.

உள்ளே செய்தி ஓடிக்கொண்டிருந்தது.
பதில் சொல்ல ஆளில்லாமல்
அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனார்.

கதவைப் பச்சை என்றுதான் நினைத்திருந்தேன்.
நாங்கள் அடித்த வண்ணம் பச்சை.
வெயில் என்ன செய்ததோ,
இங்கிருந்து பார்த்தால்
பையன் சொன்னதுதான் சரி.

யெபியோ வெளியே வந்தான்.
என்னைப் பார்க்கவில்லை, டயரை அழுத்திப் பார்த்தான்,
சேற்றை நகத்தால் சுரண்டினான்.
"பேத் ஜியோர்ஜிஸ் மண்" என்றான்.
உள்ளே போய், நான் தேடிக் கிடைக்காத
ஸ்பேனரோடு வந்து
இருக்கையை இரண்டு விரல் இறக்கினான்.
யோசித்துவிட்டு, இன்னும் ஒரு விரல்.