பத்தொன்பதாம் நம்பர்

புதுவயல் ரயில்வே கேட்டில்
தவிட்டு மூட்டையோடு ஏறி இறங்கும்போதெல்லாம்
வலது முன்சக்கரத்தின் உள்ளிருந்து
'டொக்' என்றது பிக்கப்.
ஆடி முழுக்கச் சொன்னது.
அண்ணன் ஓட்டினால் அண்ணனுக்குக் கேட்டது,
நான் ஓட்டினால் எனக்கு.
தவணையில் மூவாயிரத்து இருநூறு
யார் கட்டியது என்ற பேச்சில்
பேச்சே நின்று
நாற்பது நாள் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி போய்
சாமான் வாங்கிவந்தான்.
பையை பானட் மேல் வைத்தான்.
சட்டையைக் கழற்றி வேலிக்காலில் மாட்டினான்.
என்னைக் கூப்பிட்டது அவ்வளவுதான்.

ஜாக்கி ஏறியது.
சேசிஸுக்கு அண்டக்கொடுத்தோம்
இடித்த வீட்டுக் கருங்கல் ஒன்று,
அதன்மேல் இரண்டு பலகை.
நம்பாமல் இருவரும்
ஒரே நேரத்தில் வண்டியை உலுக்கினோம்
எதிரெதிர்ப் பக்கம் நின்று.
அசையவில்லை.

சக்கரம் கழன்றதும் தெரிந்தது.
பால் ஜாயின்ட்டின் ரப்பர் தொப்பி கிழிந்து
கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் செம்மண்.
கடப்பாறையால் நெம்பினால்
விழப்போகிற பல்லைப்போல ஆடியது.
லோயர் ஆர்ம் புஷ் இன்னும் மோசம்,
வட்டமாய் இருந்த துளை
முட்டை வடிவத்தில் சிரித்தது.

'பதினேழு.'
கொடுத்தேன்.
'பத்தொன்பது.'
கொடுத்தேன்.
'அது இல்ல. ரிங்கு.'
கொடுத்தேன்.
சஷ்மிதா செல்போன் வெளிச்சத்தை
நட்டைத் தவிர எல்லா இடத்திலும் அடித்தாள்.
'ஏன் சித்தப்பா, அப்பா நம்பரா சொல்றாங்க?'
நான் காட்டர் பின்னை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.
துருப்பிடித்து அது பாதியில் ஒடிந்தது.

ஜாயின்ட்டை அடிக்கக் கூடாது.
அதைப் பிடித்திருக்கும் இரும்புக் காதைத்தான்
பக்கவாட்டில் அடிக்கவேண்டும்.
காடி வெட்டிய நட்டை முழுக்கக் கழற்றாமல்
நாலு மரை விட்டுவைத்து,
ஒரு சுத்தியல் எதிரில் தாங்க
ஒரு சுத்தியல் அடிக்க.
தாங்கியது நான்.
ஒவ்வொரு அடியும் மணிக்கட்டு வழியே
தோள்பட்டை வரை வந்தது.
பதினொரு அடி.
அதில் எத்தனை இரும்புக்கு,
எத்தனை மூவாயிரத்து இருநூறுக்கு
என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவதில் 'பட்' என்று விட்டது.
ஸ்பிரிங் ஒருமுறை உறுமியது.
கீழே முட்டுக்கொடுத்த ஜாக்கி தாங்கிக்கொண்டது.
அது தாங்கும் என்று தெரியுமுன்னே
அண்ணனின் கை என் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து
என்னைப் பின்னால் தள்ளியிருந்தது.
கிரீஸில் ஐந்து விரல்.
உடனே எடுத்துக்கொண்டான்.
எதையோ தேடுவதுபோல
சாமான் பையைக் கிளறினான்.

புது ஆர்மில் புஷ்ஷை
லேத்துப் பட்டறையிலேயே அமுக்கி வாங்கியிருந்தான்.
அது உட்கார்ந்தது.
புது ஜாயின்ட் உட்கார்ந்தது.
புஷ் போல்ட்டை நான் முறுக்கப்போனேன்.
'இறக்கிட்டு' என்றான்.
தொங்குகிற ஆர்மில் முறுக்கினால்
ரப்பர் முறுகிய நிலையிலேயே இறுகி
ஆறு மாதத்தில் கிழிந்துபோகும்.
எனக்கும் தெரிந்ததுதான், மறந்திருந்தேன்.

சக்கரத்தை மாட்டி, கல்லை உருவி,
வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது
இருவரும் மல்லாந்து உள்ளே போனோம்.
ஸ்பேனர் பிடியில் பைப்பைச் செருகி
ஒரே பைப்பில் நான்கு கை.
அவன் மூச்சு என் காதில்,
அதில் காலையில் குடித்த சுக்குக்காப்பி.
'இன்னும்.'
'இன்னும்.'
'போதும்.'

இருட்டியபின் கேட்டுக்குப் போனோம்.
அவன் ஓட்டினான்.
ஏற்றம், தண்டவாளம், இரண்டாவது தண்டவாளம், இறக்கம்.
வலப்பக்கம் வாய் திறக்கவில்லை.
திரும்பி வரும்போது
இடப்பக்கத்திலிருந்து, மெதுவாக,
இத்தனை நாள் வலது போட்ட சத்தத்தில்
எங்களுக்குக் கேட்காத இன்னொரு
'டொக்.'

அவன் என்னைப் பார்த்தான்.
நான் ரோட்டைப் பார்த்தேன்.
பில் டேஷ்போர்டில் கிடந்தது,
நாலாயிரத்து எண்ணூற்று அறுபது,
இருவரும் தொடவில்லை.

வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு
இறங்காமல் கொஞ்சநேரம் இருந்தான்.
'பத்தொன்பது உன் பையில இருக்கு'
என்றான்.
'தொலச்சிராதே.'