தாவாச் சுவர்

செக்கானூரணி தாண்டி மினிபஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து
ஒரு மைல் நடை.
பையில் டேப்பு, கோர்ட் உத்தரவு, பாதி தண்ணீர்.
அண்ணன் ஒச்சு வாதி.
தம்பி தவசி பிரதிவாதி.
நான் ஆணையர்,
சுவரை அளந்து எழுத வந்தவள்.

பச்சை மண் சுவர், சூளை காணாதது.
நீளம் இருபத்தொன்பது அடி, அதில் தகராறில்லை.
கனத்தில்தான் சிக்கல்:
அடியில் இரண்டே கால், இடுப்புயரத்தில் இரண்டு,
ஓட்டுக்குக் கீழே ஒன்றரை.
"எதை எழுத?"
"கூடுனத எழுதுங்க" என்றார்கள் இருவரும்.
நாலு வருசத்தில் ரெண்டு பேரும்
ஒண்ணாய்ச் சொன்ன சொல் இதுதான் என்றார் தலையாரி.

அண்ணன் பக்கம் ஊதா டிஸ்டம்பர்.
தம்பி பக்கம் சுண்ணாம்பு,
நடுவில் ஒரு விளக்கு மாடம்.
ஆழம் பதினாறு அங்குலம்;
பாதிச் சுவருக்கு மேல் நாலு அங்குலம் அதிகம்.
விளக்கு எல்லை மீறி எரிவதாக
ஏற்கெனவே ஒரு மனு கிடக்கிறது.

வெளியே வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது.
உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன்.
தண்ணீர்ப் பானையின் வயிறு.
எந்தப் பக்கம் குளிர்ச்சி அதிகம்
என்று எழுதப் படிவத்தில் இடமில்லை.

பெயர்ந்த இடத்தில் விரல்விட்டுப் பார்த்தேன்:
வரகுத் தாள், ஒரு நத்தை ஓடு.
"மண்ணு எங்க எடுத்தது?"
"கம்மாயிலதான்."
கம்மாய் புறம்போக்கு.
அப்படியென்றால்
பொதுப்பணித் துறையல்லவா எழுபது வருசமாய்
இந்த இரண்டு குடும்பத்துக்கும் நடுவே நிற்கிறது,
வாடகை கேட்காமல்?
தவசி சிரித்துவிட்டார்.
ஒச்சு வெற்றிலை துப்பப் போவதுபோல்
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று மணிக்கு நாகமலைப் பக்கம் கறுத்தது.
தீர்ப்பு வரும்வரை யாரும் சுவரைத் தொடக்கூடாது
என்பது உத்தரவு.
மேலே ஏழெட்டு ஓடு உடைந்து
போன மழைக்கே ஒரு முழம் கரைந்திருந்தது.
முதல் துளிக்கு
இந்தப் பக்கமிருந்து மொக்கத்தாய் உரச்சாக்கை வீச
அந்தப் பக்கம் பேச்சியக்காள் இழுத்துக் கல் வைத்தாள்.
பேச்சு இல்லை. பழகிய கைகள்.
காற்று ஒரு நுனியைத் தூக்கியபோது
யாரோ பிடித்தார்கள்,
நானாகவும் இருக்கலாம்.

ஏழாவது பத்தியில் எழுதியிருக்கிறேன்:
ஆய்வின்போது மேற்படி சுவர்
இருபுறமும் நனைந்திருந்தது.
தாளில் உள்ள வண்டல் கறை
அடித்தல் திருத்தல் அல்ல.