பிடிக்காத பாட்டு

படிவத்தில் நான்காம் கேள்வி:
நோயாளிக்குப் பிடித்த இசை எது?
கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுதினாள் ஹலினா.
பதினோரு பாட்டு.
ஒன்றைக்கூட அவள் யோசிக்கவில்லை.

போகுமில், ஐம்பத்தெட்டு வயது.
வூச் நகரத்தில் டிராம் ஓட்டியவர்.
செப்டம்பரில் தலைக்குள் ஒரு நாளம் வெடித்தது,
நல்லவேளை, பணிமனையில், வண்டி நின்ற பிறகு.
இப்போது டிசம்பர்.
கண் திறக்கிறது, மூடுகிறது.
ஆள் மட்டும்
எந்த நிறுத்தத்திலும் இறங்கவில்லை.

"விளக்கு எரிகிறது, வீட்டில் யாருமில்லை"
என்றார் புதிதாய் வந்த மருத்துவர்,
அவள் காதில் விழும்படி.
விளக்கெரியும் வீட்டின் கதவைத் தட்டிப் பார்க்கத்தான்
எனக்குச் சம்பளம்.

இரண்டு நிமிடம் மௌனம்.
இரண்டு நிமிடம் வானொலி இரைச்சல்.
பிறகு பாட்டு.
பிறகு பெயர் சொல்லி அழைப்பேன்,
இடக்காதில் ஒருமுறை, வலக்காதில் ஒருமுறை.
கைக்கண்ணாடியை முகத்தெதிரே நகர்த்துவேன்,
தன்னைத் தானே பின்தொடருமா கண் என்று.

முதல் வாரம் நான்கு பாட்டு.
இரண்டாம் வாரம் மீதி ஏழு.
அவர்கள் முதன்முதலில் ஆடிய பாட்டுக்கு
ஹலினாதான் அழுதாள்.
என் கட்டங்களில் பூஜ்யம்,
பூஜ்யம்,
ஒரு கொட்டாவி.
கொட்டாவிக்கு மதிப்பெண் கிடையாது.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை,
பூட்ஸிலிருந்து பனிச்சேறு தரையில் உருக,
நாற்காலியில் சரிந்தபடி சொன்னாள்:
"இவருக்குப் பிடிக்காததைப் போட்டால்
எழுந்து உட்கார்ந்து திட்டுவார்."
வேடிக்கையாகத்தான் சொன்னாள்.
எனக்குப் பேனா நின்றுவிட்டது.
"அப்படி எது?"

கீழ்வீட்டு டியோனிசி.
பல்செட் செய்பவர், மனைவி இல்லை.
ஞாயிறுதோறும் பகல் மூன்று மணிக்கு
அக்கார்டியனில் ஒரு போல்கா,
பத்தொன்பது வருடமாக அதே ஒன்று,
அதே இடத்தில் அதே தப்பு.
மேலே இவர் சோபாவில் படுத்தபடி
குதிகாலால் தரையை இடிப்பாராம்,
டம், டம், டம்.
மாடிப்படியில் எதிர்ப்பட்டால்
இருவரும் வானிலையைப் பற்றிக்கூடப் பேசியதில்லை.

தயங்கித் தயங்கித்தான் வந்தார் டியோனிசி,
சவம் பார்க்க வந்தவர் போல் டை கட்டிக்கொண்டு.
"என்னை இவருக்குப் பிடிக்காதே, அம்மா."
"அதனால்தான் கூப்பிட்டோம்" என்றாள் ஹலினா.

மௌனம், இரண்டு நிமிடம்.
இரைச்சல், இரண்டு நிமிடம்.
துருத்தி மூச்சிழுத்தது.
போல்கா வார்டுக்குள் நுழைந்தது,
அழைக்காத விருந்தாளியாக,
சத்தமாக,
கொஞ்சம் சுருதி இறங்கி.

தப்பு வரும் இடம் வந்தது.
வந்தது தப்பு.

போர்வைக்கடியில் வலது குதிகால்
மெத்தையில் இடித்தது.

நான் மூச்சுவிடவில்லை.
அனிச்சையாக இருக்கலாம்.
பத்துக்கு ஒன்பது முறை
அனிச்சையாகத்தான் இருக்கும்.
"மறுபடியும்" என்றேன்.
மறுபடியும் தப்பு; மறுபடியும் குதிகால்.
நிறுத்தச் சொன்னேன்: கால் சும்மா கிடந்தது.
தப்பில்லாமல் வாசிக்கச் சொன்னேன்.
பாவம், அவருக்கு அது வரவில்லை.

ஐந்து தடவையில் நான்கு.
புதிய மருத்துவரைக் கூப்பிட்டேன்.
அவர் வந்து நின்றபோது
குதிகால் அசையவே இல்லை.
அதையும் எழுதினேன்.

ஹலினா மட்டும்
அவர் காலைப் போர்வையோடு பிடித்துக்கொண்டு
சிரித்துக்கொண்டிருந்தாள், வாய்விட்டு,
வார்டே திரும்பிப் பார்க்க:
"கிழவா, அங்கேயும் போய்ச் சண்டையா?"

டியோனிசி வாரை அவிழ்க்காமல் நின்றார்.
நெற்றியெல்லாம் வியர்வை.
"ஞாயிற்றுக்கிழமையும் வரட்டுமா?" என்றார்,
என்னிடம் இல்லை,
கட்டிலிடம்.

படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
கோபத்துக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், பென்சிலால் எழுதிவைத்தேன்:
பகல் மூன்று மணி.
வீட்டில் ஆள் இருக்கலாம்.
கதவைத் திறக்க மனமில்லாமல்.