மதகு வரைக்கும்

மல்லாவிச் சங்கத்துக் கூரை தகரம்.
பதினொரு மணிக்கே பேசத் தொடங்கிவிடும்,
டக், டக் என்று, சூட்டில் நெளிந்து.
ஏணியில் நின்று அந்த வெள்ளைத் தட்டைப் பெட்டியை
வளையோடு முறுக்கினேன்.
ஒரு கண் பச்சை. மற்றது இன்னும் செம்மஞ்சள்.

இந்த வகைப் பெட்டிக்கெல்லாம் ஒரே பெயர், ஒரே சாவி:
அட்மின், அட்மின்.
முதுகிலேயே ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்.
முதல் வேலை அதைச் சாகடிப்பது.

மனேச்சர் அரியரத்தினம் கதிரையை இழுத்துப் போட்டார்.
"மல்லாவி ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு வையும் பிள்ளை,
எல்லாருக்கும் ஞாபகம் நிக்கும்."
அதுதான் சேர் பிரச்சினையே.

ஒன்றுக்கொன்று உறவில்லாத நான்கு சொல் கேட்டேன்.
உரம் என்றார். பிறகு நெல்லு என்றார்.
அது உறவு, சேர்.
யோசித்து, வெட்கப்பட்டு,
எட்டாம் வகுப்பில் கூடப் படித்த ஒருத்தியின்
பட்டப்பெயரைச் சொன்னார்.
மற்ற மூன்றையும் இங்கே எழுதமாட்டேன்.

என்ன பூட்டு என்று பட்டியல் கேட்டது.
டபிள்யூ.ஈ.பி. தென்னோலைப் படலை,
ஆடு முட்டினாலே திறக்கும்.
டபிள்யூ.பி.ஏ. மூன்று நல்லதுதான்,
பற்றுச்சீட்டு அடிக்கிற பிரின்டருக்கு அது விளங்காது.
ஆகவே இரண்டு. சேமி.

சனல் ஆறில் ஒரே நெரிசல்:
போன்கடை, வங்கிக் கிளை, றோட்டுக்கு அங்கால் காம்ப்.
நாங்கள் பதினொன்றுக்குப் போனோம்.

அப்போதுதான் கேட்டார்:
"பேரை ஒளிச்சு விட்டால் என்ன?
இஞ்ச ஒண்டுமில்லை எண்டு நினைப்பாங்கள்."

ஒளிக்கலாம், சேர். சின்னக் கட்டம், ஒரு சரி போட்டால்
பெட்டி வாயை மூடிவிடும்.
ஆனால் ஒருக்கால் அதோடு சேர்ந்த போன் இருக்கிறதே,
அது போகிற இடமெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடும்.
மாங்குளம் சந்தியில், வவுனியா பஸ்ஸுக்குள்,
ஆஸ்பத்திரி வரிசையில்,
நீ இருக்கிறாயா, இங்கே இருக்கிறாயா என்று.
பதில் வராது. திரும்பவும் கூப்பிடும்.

பேரேட்டில் முத்திரை குத்திக்கொண்டிருந்த சுகிர்தமலரின் கை
மேலேயே நின்றது.
(மாதத்தில் ஒருநாள் அவருக்கு லீவு.
காரணம் எழுதச் சொல்லி யாரும் கேட்பதில்லை.)
தகரம் இரண்டுதரம் பேசிற்று.
பிறகு, என்னைப் பாராமல்,
"பேர் வெளியில இருக்கட்டும்" என்றார்.
டக்.
அடுத்த பக்கம்.

கட்டத்தை நான் தொடவில்லை.
மனேச்சர் கண்ணாடியைத் துடைத்தார், நெடுநேரம்.

கடைசியில் வலு. பெட்டி இருபதில் நிற்கிறது,
கத்திப் பேசவே பிறந்தது மாதிரி.
போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
நெற்களஞ்சியம், கழித்தல் ஐம்பத்தெட்டு.
பாலைமரத்தடி, அறுபத்தேழு.
வேலி தாண்டி, றோட்டும் தாண்டி
காம்பின் மண் அணை மட்டும் எங்கள் பெயர் கேட்கிறது.
குறைத்தேன். பதினேழு. பதினாலு. பதினொன்று.
மூன்று மூன்றாக இறங்க இறங்க
பாதி பாதியாகச் செத்தது.
வேலியில் வந்து நின்றது.

மதகில் குந்தியிருந்த ரியூசன் பெடியள் மூன்றுபேர்
தலை நிமிர்ந்தார்கள்.
பழைய பெட்டிக்குப் பூட்டே கிடையாது.
கடந்த வருசப் பரீட்சைத் தாள்கள் எல்லாம்
அதுக்குள்ளால்தான் இறங்கினவையாம்.

திரும்பி வந்து இரண்டாவது பெயர் ஒன்று திறந்தேன்.
விருந்தாளிக்கு. வேகம் குறைவு, ஆறு மணி மட்டும்,
பேரேட்டுக் கணினியைக் கண்ணாலும் காணாது.
அதன் பெயர் மதகு.
மனேச்சர் ஒன்றும் சொல்லவில்லை.
மதகுக்கு எட்ட இன்னும் மூன்று வேண்டியிருந்தது.
பதினாலு.

சேமி என்றதும் பெட்டி அணைந்தது.
ஒரு நிமிசம் எந்தப் பெயரும் இல்லை.
ஏணியை மடக்காமல் நின்றேன்.

சுகிர்தமலரின் போன் மேசையில் ஒருதரம் அதிர்ந்தது.
சட்டென்று எடுத்துப் பார்த்தார்.
"வந்திட்டுது" என்றார்,
இணையத்தைத்தான்.